அந்துவான் வீட்டுப் பீங்கான் ஆசனம்

திண்டிவனத்தில் டவுன் பஸ் ஏறி சூசைபாளையத்துக்கு ஒரு டிக்கெட் என்று கேட்டால், "கக்கூஸ் வீட்டுக்கா?" என்பார் கண்டக்டர். லூர்துநாதனுக்கு இது ஆகவே ஆகாது. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று விளக்கம் சொல்வார்.

"அதுக்குப் பேரு அந்துவான் மாளிகைப்பா. நீ சொல்ற பொருளுக்குப் பேரு பீங்கான் ஆசனம். எங்க சங்கத்துல அப்படித்தான் சொல்லணும்."

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்.

உள்ளதைச் சொன்னால் கண்டக்டர் மேல் தப்பில்லை. புதுச்சேரியிலிருந்து வந்து அவுரிச் சாய வியாபாரத்தில் கொழித்த அந்துவான் என்பவர் கட்டிய வீடு அது. பர்மா தேக்குத் தூண், வண்ணக் கண்ணாடி ஜன்னல் எல்லாம் உண்டு. ஆனால் தூணும் ஜன்னலும் எந்த ஊர்ப் பெரிய வீட்டிலும் இருக்கிற சமாச்சாரம். சூசைபாளையத்தில் மட்டுமே உள்ள பொருள் பின்கட்டு அறையில் இருந்தது. அந்துவானின் மனைவி கொல்லைக்குப் போகமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றதால், பிரான்ஸிலிருந்து கப்பலில் வரவழைத்து, மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். கைவைத்த தேக்கு நாற்காலி. நடுவில் பீங்கான் குழி. குழியின் உட்புறம் முழுக்க நீல ரோஜாப் பூக்கள். அடியில் இழுத்தால் வெளியே வருகிற பித்தளைத் தட்டு. புதுச்சேரிக்கு அருகே குயிலாப்பாளையத்தில் குடியிருக்கிற வெள்ளைக்காரர்கள் ஸ்கூட்டரில் வந்து இறங்குவது இந்த ரோஜாப் பூக்களைப் பார்க்கத்தான்.

லூர்துநாதன் விழுப்புரம் ஜங்ஷனில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் இல்லாமல் ரயில் கக்கூஸுக்குள் போய் ஒளிந்துகொள்கிறவர்களைப் பிடிப்பதில் அவருக்கு டிவிஷன் முழுக்கப் பேர். கதவை உடைக்கமாட்டார், கத்தமாட்டார். இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "உள்ள எவ்ளோ நேரம்பா இருப்ப? விழுப்புரம் வந்துதான ஆவணும்" என்று சொல்லிக் காத்திருப்பார். தானாக வெளியே வந்து ஒப்புக்கொண்டவனை மரியாதையாக நடத்துவார். ஓய்வுக்குப் பிறகு ஊருக்கு வந்து, இடிந்துகொண்டிருந்த அந்துவான் வீட்டுக்கு ஒரு பாதுகாப்புச் சங்கம் ஆரம்பித்து, தானே தலைவராகி, தானே விதிகளையும் எழுதினார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பொதுக்குழு தீர்மானம் இல்லாமல் திருகு, கீல், தாழ்ப்பாள் எதையும் தொடக் கூடாது. சங்கக் கூட்டத்தில் கக்கூஸ் என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. பின்கட்டு அறை வாசலில் ஒரு சிவப்புக் கயிறு கட்டி, அதில் தன் கையாலேயே எழுதிய பலகையைத் தொங்கவிட்டார்: 'பார்க்க மட்டும். உட்காரக் கூடாது.'

சங்கச் செயலாளர் அம்சவள்ளி, திண்டிவனம் பஸ் நிலையத்துக்கு எதிரில் தையல் கடை வைத்திருந்தாள். போன வருடம் அவள் கூடத்துச் சுவரில் ஒரே ஒரு ஆணி அடித்து, தன் சொந்தக் கடிகாரத்தை மாட்டினாள். லூர்துநாதன் அவசரக் கூட்டம் போட்டு அந்த ஆணியை அவள் கையாலேயே பிடுங்க வைத்தார். அன்றிலிருந்து அவள் அவரைத் தலைவரே என்றுதான் கூப்பிடுவாள். அதற்கு முன்பு அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இப்படியிருக்க, சென்னையிலிருந்து பழங்கட்டட ஆர்வலர் பேரவை என்ற அமைப்பு, வட மாவட்டங்களில் நன்றாகப் பராமரிக்கப்படும் பழைய வீட்டுக்குப் பரிசு தருவதாக அறிவித்தது. அந்துவான் மாளிகையும் பட்டியலில் இருந்தது. பார்வையிட ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள்.

வினை சனிக்கிழமையே ஆரம்பித்துவிட்டது. லூர்துநாதனின் தங்கை லூசியா வீட்டில் பேத்திக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். பூசை முடிந்து விருந்தில் பன்றிக்கறி வறுவல். போதும் என்று அவர் இலையை மறைக்க, லூசியா அவர் கையை நகர்த்திவிட்டு வைத்தாள். அதன்மேல் பண்ருட்டிப் பலாச்சுளை. அதன்மேல் பாயசம். ஞாயிறு காலை பூசைக்குப் போய்விட்டு நேராக மாளிகைக்கு வந்து, தூண்களைத் துடைத்து, கயிற்றை இழுத்துக் கட்டிப் பலகையை நேராக்கிக்கொண்டிருந்தபோது வயிற்றுக்குள் ஏதோ இடம் மாறி உட்கார்ந்தது.

சங்கத்துக்கென்று கொல்லையில் தகரக் கதவு போட்ட புதுக் கழிவறை ஒன்று இருந்தது. வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிப் பார்த்தார். பூட்டியிருந்தது. காவல்காரர் பூமாலைக்குப் போன் போட்டார்.

"சாவி எங்கய்யா?"

"எங்கிட்டதாங்க இருக்குது. பத்திரமா இடுப்புல சொருகி வெச்சிருக்கேன்."

"நீ எங்க இருக்கற?"

"கண்டாச்சிபுரம்ங்க. மச்சினன் புள்ளைக்குக் காது குத்து. தலைவரே, குரல் ஒரு மாதிரி இருக்குதே, ஒடம்பு ஏதாச்சும்?"

லூர்துநாதன் போனைக் கூடத்து மேசைமேல் வைத்தார். அக்கம்பக்கத்தில் கதவைத் தட்டலாம்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரி மாளிகை முற்றத்தில் கேப்பை காயவைத்ததை அவர் போன மாதம்தான் அள்ளச் சொல்லியிருந்தார். அதற்கடுத்த வீட்டு ஆட்டை விரட்டியிருந்தார். யோசித்துப் பார்த்தால் அந்தத் தெருவில் விதியை மீறாத வீடே இல்லை. அவர் கண்டிக்காத ஆளும் இல்லை. வயிறு மறுபடி ஒரு தரம் உருண்டது. அதற்குமேல் யோசிக்க நேரமில்லை.

கூடத்தில், அந்துவான் காலத்து ஆணியிலேயே அந்துவானின் படம் தொங்கியது. முறுக்கு மீசை, நிமிர்ந்த முகவாய், முழங்கால்மேல் ஒரு கை. "மன்னிச்சிக்குங்க" என்று அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, இரண்டு தண்ணீர் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு, கயிற்றைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பூட்டு 'டக்' என்றது.

அந்த நேரத்தில் அவருக்கு அந்தச் சத்தம் பெரிதாகப் படவில்லை.

சிறிது நேரத்துக்குப் பிறகு, உலகத்தின்மேல் யாதொரு வருத்தமும் இல்லாத மனிதராக, கொண்டுபோன தண்ணீரையெல்லாம் செலவழித்துச் சுத்தபத்தமாக எழுந்து கைப்பிடியைத் திருகினார். அசையவில்லை. இழுத்தார். குலுக்கினார். பல வருடங்களாகச் செத்துக் கிடந்த பிரெஞ்சுப் பூட்டு இன்றைக்குப் பார்த்து உயிர் பெற்றிருந்தது. அதற்குச் சாவி இருந்ததாகச் சங்கத்தில் யாருக்கும் நினைவில்லை. லூர்துநாதன் நாற்காலியின் மூடியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். அந்த அறையில் உட்கார வேறு இடமும் இல்லை.

வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. அம்சவள்ளியும், மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் சங்க உறுப்பினர் வளனும் பேசிக்கொண்டே உள்ளே வந்தார்கள். மேசைமேல் போனைப் பார்த்துவிட்டு அம்சவள்ளி, "தலைவரே" என்று கூப்பிட்டாள்.

"இங்க இருக்கேன்" என்றார்.

காலடிகள் பின்கட்டுக்கு வந்து கயிற்றுக்கு முன்னால் நின்றன.

"உள்ளயா இருக்கீங்க?"

"ஆமா."

"உள்ள என்ன பண்ணிக்கினு இருக்கீங்க?"

"ஆய்வு" என்றார் லூர்துநாதன். அவர் காதுக்கே அது சரியாக ஒலிக்கவில்லை. "பூட்டிக்கிச்சும்மா. தொறக்க வரல."

வெளியே வளன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு அவன், "அது ஆய்வு இல்லீங்க" என்று அம்சவள்ளியிடம் மெதுவாகச் சொன்னான்.

"கதவு உள்பக்கமா தொறக்கறது. கீலெல்லாம் உள்ளதான் இருக்கும்" என்றாள் அம்சவள்ளி. "கீல் ஆணியத் தட்டி எடுத்தா கதவு கழண்டு வந்துரும். கதவுக்கு அடியில ஸ்க்ரூ டிரைவர் தள்ளட்டுமா?"

லூர்துநாதன் திடுக்கிட்டுப் போனார். "பொதுக்குழு தீர்மானம் இல்லாம கீலைத் தொடக் கூடாது."

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றாள் அம்சவள்ளி. அவள் குரலில் இனிப்புத் தடவியிருந்தது. "நாம விதிய மீறக் கூடாதில்ல."

"கூட்டத்துக்கு மூணு பேர் போதும். நீ, வளன், நான்."

"நேரில் அமர்ந்திருக்கும் உறுப்பினர் மூணு பேருன்னு போட்டிருக்கீங்க. நீங்க நேர்ல இல்லியே. உள்ள இருக்கீங்க."

"அமர்ந்துதாம்மா இருக்கேன்" என்றார் லூர்துநாதன் பரிதாபமாக. "இத விட எப்படி அமர்றது?"

அம்சவள்ளி இதற்கு என்ன சொல்லியிருப்பாளோ, அதற்குள் தெருவில் கார் ஹாரன் கேட்டது. பேரவைக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

"என்னக் காட்டிக் குடுத்துராதம்மா" என்றார் அவர்.

"பாக்கறேன்" என்றாள் அவள்.

வந்தவர்கள் மூன்று பேர். தலைவி வெனிலா, சென்னையில் கட்டடக் கலைஞர், கூட ஒரு வயதான பேராசிரியர், ஒரு போட்டோக்காரர். லூர்துநாதன் உள்ளே உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். அம்சவள்ளி தூண்களைக் காட்டினாள். ஜன்னல்களைக் காட்டினாள். அவுரித் தொட்டியைக் காட்டினாள். பிறகு மறுபடி தூண்களைக் காட்டினாள். வெனிலா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அந்தப் பீங்கான் ஆசனம் எங்கம்மா?" என்றாள். இந்த நெருக்கடியிலும் லூர்துநாதனுக்கு மனசு குளிர்ந்தது. ஒருத்தியாவது சரியான பேரைச் சொன்னாளே.

எல்லோரும் கயிற்றுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"பூட்டு ரிப்பேருங்க மேடம். தொறக்க முடியாது" என்றாள் அம்சவள்ளி.

அப்போது பார்த்து லூர்துநாதனின் வயிறு, மிச்சமிருந்த பலாச்சுளையை நினைத்துக்கொண்டு நீளமாக ஒரு தரம் முனகியது.

"அது என்ன சத்தம்?" என்றார் பேராசிரியர்.

"பழைய மரம்ங்க. வெயிலுக்கு அப்படித்தான்" என்றான் வளன்.

"சாவித் துவாரம் பெரிசா இருக்கே" என்றாள் வெனிலா. கயிற்றுக்கு அடியில் குனிந்து வந்து, மண்டியிட்டு, ஒரு கண்ணைத் துவாரத்தில் வைத்தாள். மேலே ஜன்னல் வழியாக விழுந்த வெளிச்சம் நேராக நாற்காலிமேல் இருந்தது. லூர்துநாதன் அந்தக் கண்ணைப் பார்த்தார். அந்தக் கண் லூர்துநாதனைப் பார்த்தது.

"உள்ள ஒருத்தர் உக்காந்திருக்கார்" என்றாள் வெனிலா.

வளனுக்கு ஒரு குணம் உண்டு. வாயில் முதலில் வருவதைச் சொல்லிவிடுவான், யோசிப்பது பிறகுதான். "அது மெழுகு பொம்மைங்க மேடம்" என்றான். "அந்துவான் துரையோட உருவம். ஆர்டர் குடுத்து செஞ்சது."

லூர்துநாதனுக்கு வேறு வழி தெரியவில்லை. முகவாயை நிமிர்த்தினார். ஒரு கையை முழங்கால்மேல் வைத்தார். மூச்சை அடக்கினார்.

"எவ்வளவு தத்ரூபமா இருக்கு" என்றாள் வெனிலா. "சார், நீங்க பாருங்க."

பேராசிரியர் மூட்டு வலியோடு மண்டியிட்டுப் பார்த்தார். "அந்துவானுக்கு முறுக்கு மீசை இல்ல இருந்தது? இது நரைச்ச மீசையா தொங்குதே."

"கடைசிக் காலத்துல அப்படிங்க" என்றான் வளன்.

"நெத்தியில வேர்வைகூட செஞ்சிருக்காங்க. உருண்டு வருது பாருங்க."

"மெழுகு உருகுதுங்க. வெயிலு."

போட்டோக்காரர் கேமராவைத் துவாரத்தில் வைத்தார். ஒரு கொசு வந்து லூர்துநாதனின் மூக்கு நுனியில் உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் சாப்பிட ஆரம்பித்தது. அவர் இமைக்கவில்லை. கண்ணில் நீர் கட்டியது. "அழற மாதிரி செஞ்சிருக்காங்க" என்று போட்டோக்காரர் வியந்தார். "மனைவி செத்துப்போன துக்கம்ங்க" என்றான் வளன். அம்சவள்ளி அவன் காலை ஓங்கி மிதித்த சத்தம் உள்ளே வரை கேட்டது.

வெனிலா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "நிறைய இடம் பார்த்தாச்சு. ஒரு பொருளை வெறுமனே வைக்காம, அத உபயோகிச்ச மனுஷனையும் சேர்த்து வைக்கணும்னு யாருக்கும் தோணல. முதல் பரிசு இங்கதான். என்ன சார் சொல்றீங்க?"

"அதுல சந்தேகமே இல்ல" என்றார் பேராசிரியர்.

லூர்துநாதனுக்கு இதைக் கேட்டதும் தொண்டை வரை சந்தோஷம் வந்தது. வந்த சந்தோஷம் அங்கேயே நின்றுவிட்டது. அவர் உட்கார்ந்திருந்த இடமும், பூட்டிய கதவும், வெளியே நின்று பேசுகிற ஆட்களும் அவருக்கு ரொம்பப் பழக்கமான ஏற்பாடாக இருந்தது. இத்தனை காலமும் அவர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். இன்று இந்தப் பக்கம். டிக்கெட் இல்லாமல் உள்ளே உட்கார்ந்திருந்த பயல்களுக்கெல்லாம் இப்படித்தான் வேர்த்திருக்கும். அவனவன் எப்படியோ மனசைத் தேற்றிக்கொண்டு வெளியே வந்தான். இப்போது இவர் முறை.

கொசுவை அடித்தார்.

"மேடம்" என்றார். "நான் மெழுகு இல்ல. சங்கத் தலைவர் லூர்துநாதன் பேசறேன்."

வெளியே கேமரா விழுகிற சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து போட்டோக்காரர் விழுகிற சத்தம். பேராசிரியர் சிலுவை போட்டுக்கொண்டு, "யேசுவே" என்றார்.

லூர்துநாதன் எல்லாவற்றையும் சொன்னார். புதுநன்மை விருந்து, பன்றிக்கறி, பலாச்சுளை, கண்டாச்சிபுரம், தகரக் கதவு, ஒன்று விடவில்லை. "என் விதிய நானே மீறிட்டேன். பரிசு வேணாம். அந்தப் பசங்க என்னக் காப்பாத்தத்தான் பொய் சொன்னாங்க. வளன் மட்டும் தேவைக்கு மேல சொல்லிட்டான்."

யாரும் சிரிக்கவில்லை. அதாவது, சத்தமாகச் சிரிக்கவில்லை.

"முதல்ல வெளிய வாங்க சார்" என்றாள் வெனிலா. "எப்படி வருவீங்க?"

"தீர்மானம் போடணும்ங்க" என்றாள் அம்சவள்ளி. அவளும் வளனும் தரையில் கயிற்றுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். தலைவர் உள்ளிருந்தே கூட்டத்தைத் தொடங்கிவைத்தார். கீல் ஆணியைக் கழற்றலாம் என்ற தீர்மானத்தை வளன் முன்மொழிந்தான்.

"தலைவர் ஒரு ஓட்டு, வளன் ஒரு ஓட்டு" என்றாள் அம்சவள்ளி. "ஆனா கீல் விஷயத்துக்கு வந்திருக்கற எல்லாரும் சம்மதிக்கணும்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. எனக்கு ஒரு சின்ன யோசனை இருக்குது."

"சொல்லும்மா."

"கூடத்துல கடிகாரம் இல்லாம மணி தெரிய மாட்டேங்குது."

லூர்துநாதன் கண்ணை மூடிக்கொண்டார். பர்மா தேக்கு, காரைச் சுவர், அதில் ஒரு ஆணி. மனசுக்குள் அந்த ஆணி இறங்கியது. "சரி" என்றார். "சின்ன ஆணியா அடி."

"நன்றிங்கண்ணே" என்றாள் அம்சவள்ளி. கதவுக்கு அடியில் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிக்கொண்டு வந்தது. பின்னாலேயே தையல் மிஷினுக்குப் போடுகிற எண்ணெய் டப்பாவும் வந்தது.

தட்டுவதற்குச் சுத்தியல் இல்லை. அறை மூலையில் அந்துவான் காலத்துப் பித்தளைச் செம்பு மட்டும் இருந்தது. நசுங்கிவிடக் கூடாதே என்று அதற்குத் தன் துண்டைச் சுற்றி, ஒவ்வொரு அடிக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தட்டினார். மேல் கீல் ஆணி வந்தது. கீழ் ஆணி கொஞ்சம் முரண்டு பிடித்து வந்தது. கதவு மெதுவாகச் சாய்ந்து அவர் மார்பில் விழுந்தது. இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு பீரோ தூக்கிவருகிற ஆள் மாதிரி லூர்துநாதன் பக்கவாட்டில் வெளியே வந்தார். துண்டில்லாத தோளும், மூக்கு நுனியில் கொசு கடித்த தடிப்புமாக நின்றார். வெனிலா கும்பிட்டாள். அவரால் திருப்பிக் கும்பிட முடியவில்லை. கதவை விட்டால் விழுந்துவிடும்.

"முதல் பரிசு தர முடியாது சார். கதவு கழண்டு போச்சு" என்றாள். "ரெண்டாவது போடறேன். மெழுகுக்கு இல்ல, ஒத்துக்கிட்டதுக்கும் இல்ல. இத்தனை வருஷம் கழிச்சும் அது வேலை செய்யுது பாருங்க, அதுக்கு."

ரெண்டாவது பரிசும் பரிசுதானே என்று அம்சவள்ளிதான் நன்றி சொன்னாள். வளன் அழுதேவிட்டான். கால்விரல் வீங்கியிருந்தது. லூர்துநாதன் கதவைச் சுவரில் சாய்த்துவிட்டு, எதையோ துண்டால் மூடிக் கொல்லைக்கு எடுத்துப்போய்க் கழுவிக்கொண்டு வந்தார்.

எல்லோரும் டீ குடிக்கக் கூடத்துக்கு நகர்ந்தபோது வெனிலா அம்சவள்ளியை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய்க் காதில் ஏதோ சொன்னாள். சென்னையில் விடியற்காலையில் கிளம்பியவள். வழியில் எங்கும் நிறுத்தவில்லை. அம்சவள்ளி திரும்பி லூர்துநாதனைப் பார்த்தாள். வாயைத் திறக்காமல் கண்ணாலேயே கேட்டாள். அவர் விதிகளை மனசுக்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். புரட்டிய வேகத்தில் மூடிவிட்டார்.

"பித்தளைத் தட்டைக் கழுவித்தான் வெச்சிருக்கேன்" என்றார் தரையைப் பார்த்து. "நீங்க போங்கம்மா. கதவை நான் பாத்துக்கறேன்."

வெனிலா தண்ணீர் பாட்டிலோடு உள்ளே போனாள். லூர்துநாதன் கதவை நிலையோடு பொருத்தி நிறுத்தி, அதற்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கையையும் பின்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கொல்லைப் பக்கம் திருப்பி நின்றார். கொல்லையில் கேப்பைக்காரிக்கு அடுத்த வீட்டு ஆடு நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதை விரட்டவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது. "சார், இந்த ரோஜாப் பூ அச்சா, கையால வரைஞ்சதா?"

இந்த மாதிரி ஒரு கேள்வியை அவரிடம் இதுவரை யாருமே கேட்டதில்லை. லூர்துநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நல்ல கேள்வி" என்றார் கொல்லையைப் பார்த்து. "கையால வரைஞ்சதுதான். அந்தக் காலத்துல பிரான்ஸ்ல இதுக்குன்னே பொம்பளைங்க இருந்திருக்கணும்னு என் யூகம். இதழ் ஒண்ணொண்ணும் வேற வேற அளவுல இருக்கும், பாருங்க. வலது பக்கம் மூணாவது பூவுல ஒரு சின்ன எறும்பு இருக்கும். தெரியுதா?"

"ஆமா. எறும்பு இருக்கு."

"அது ஏன்னா," என்று லூர்துநாதன் குரலை உயர்த்தி, கதவோடு சேர்ந்து நிமிர்ந்து நின்றார். "அந்துவான் இந்த ஊருக்கு வந்த கதையிலேருந்து சொன்னாத்தான் அது உங்களுக்குப் புரியும்."

கூடத்திலிருந்து அம்சவள்ளி டீ டம்ளரோடு எட்டிப் பார்த்தாள். "அண்ணே, சுருக்கமா சொல்லுங்க. அவங்க வெளிய வரணும்."